காலண்டரில் எழுதிய மூன்று நாள் கூலி

பொன்னழகு,

நீ எனக்குத் தர வேண்டியது ஆயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய் என்று காலண்டரில் எழுதி வைத்தேனே, அது என் மூன்று நாள் கூலி. எனக்கு வலிப்பு வருவதை நீ போய் மில் டாக்டரம்மாவிடம் சொன்னதால்தானே என்னை வீட்டில் உட்கார வைத்தார்கள்.

இன்று பத்து மணிக்கு மேனேஜரைப் பார்க்க வேண்டும். நீ வீடுகளுக்குப் பால் ஊற்றிவிட்டு வரும்வரை இருப்புக் கொள்ளவில்லை, ஏழுக்கே கிளம்பிவிட்டேன். சோறு வடித்துவிட்டேன், ரசம் நீ வை. வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு ஆசியா பீவி அக்காவிடம் கொடு, என்னைச் சீக்கிரமே திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள்.

நேற்று டாக்டரம்மா என் எதிரிலேயே மதுரை நரம்பு டாக்டருக்குப் போன் போட்டார். "ராத்திரி ஷிப்டா? இவரு எங்கிட்டச் சொல்லவே இல்லையே" என்று அவர் சத்தம் போட்டது எனக்கே கேட்டது. வேலையில் தூங்கிவிடுவேன் என்று பயந்து மாத்திரையைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்ததையும் சொல்லிவிட்டேன். தூக்கம் கெட்டாலும் வலிப்பு வருமாம். பகல் ஷிப்ட், மிசினை விட்டுத் தள்ளி நூல் கோன் அடுக்குகிற வேலை என்று இரண்டு பேரும் கலந்து பேசி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மேனேஜர் ஒத்துக்கொள்வாரா என்று தெரியவில்லை.

"மிசினுக்குள்ள விழுந்த பெறகு கூலி வாங்கி என்ன செய்யப் போறீக?" என்று கேட்டாய். அதற்குத்தான் அத்தனை ஏச்சு ஏசினேன்.

காலை மாத்திரை போட்டாச்சு. அட்டையை எண்ணிப் பார்.

மேனேஜர் என்ன சொன்னாலும் சரி, காலண்டரில் அந்தக் கணக்கை அடித்துவிட்டேன். நீ ஒன்றும் தர வேண்டாம்.