மாடு என்றார், பாடு என்று எழுதினாள்

சார்,

நேற்றுத் தபாலில் நம் பள்ளியின் ஆண்டு மலர் வந்தது. உறையைக் கிழித்ததும் அச்சு மையின் பச்சை வாடை. முதல் பக்கத்தில் மாலை போட்ட உங்கள் படம். அதன் கீழே, 'காது கேளாத பிள்ளைகளை நூற்றுக்கு நூறு தேர்ச்சி பெறவைத்த தலைமையாசிரியர்' என்று போட்டிருக்கிறார்கள். செத்தவரோடு என்ன சண்டை என்று என் வீட்டில் கேட்கிறார்கள். போடத்தான் போகிறேன். அந்த நூறு எப்படி வந்தது என்று தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். நீங்கள் போய்விட்டீர்கள்.

காரைக்குடியில் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் நம் பள்ளி நடந்தது. பிள்ளைகள் தங்குவதும் அங்கேதான். ஒருநாள் மத்தியானம் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டு, ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் எழுதினீர்கள். காது எப்போது போனது, அப்பா அம்மாவுக்கு என்ன வேலை, வீட்டில் எதிரே உட்கார்ந்து பேச ஆள் உண்டா, கடைசியில் மார்க்கு. எழுதி முடித்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள். மார்க்கு வரிசையில் மேலே இருந்தவர்கள் ஐந்தாறு வயது வரை காது கேட்டு, பிறகு காய்ச்சலில் இழந்தவர்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள். அடியில் இருந்தவர்கள் பிறவியிலேயே கேளாதவர்கள். வயலுக்கும் காளவாசலுக்கும் கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள்.

"இது பிள்ளையோட மார்க்கு இல்ல டீச்சர், வீட்டோட மார்க்கு. இது தெரியாம எந்தப் பிள்ளையையும் மக்குன்னு சொல்லிராதீக" என்றீர்கள். இப்படி ஒருவரோடு வேலை பார்க்கிறோமே என்று அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

அந்தத் தாளில் கடைசிப் பெயர் பஞ்சவர்ணம். ஒக்கூர்ப் பக்கத்துப் பெண். அம்மா சுண்ணாம்புக் காளவாசலில் வேலை செய்தாள், அப்பா இல்லை. பத்து வயதில் வந்து, இரண்டே வருடத்தில் உதட்டைப் பார்த்துச் சொல் எழுதக் கற்றுக்கொண்டவள். 'ப'வுக்கும் 'ம'வுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். பேசுகிறவர் மூக்கில் விரல் வைத்து அதிர்வைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும் என்று நாம்தான் அவளுக்குப் பழக்கியிருந்தோம்.

பள்ளியின் அங்கீகாரத்துக்காகக் கல்வி அதிகாரி வந்த நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உதட்டை மூடிய மீசை. வாய் நிறைய வெற்றிலை. அந்த வாயோடு பஞ்சவர்ணத்தைப் பார்த்து "மாடு" என்றார். அவள் யோசித்தாள். பிறகு எழுந்து போய், நாம் பழக்கியபடியே, அவர் மூக்கைத் தொட விரலை நீட்டினாள். அவர் பட்டென்று அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"என்ன பிள்ளை வளர்த்திருக்கிறீர்கள்?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள் சார். அவள் திரும்பி வந்து சிலேட்டில் 'பாடு' என்று எழுதினாள். கேளாத பிள்ளைக்கு அது சரியான விடை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தக் காலண்டர் தாளையாவது எடுத்துக் காட்டியிருக்கலாம். அது உங்கள் மேஜை டிராயரில்தான் இருந்தது.

"தேறாததுகளை வைத்துக்கொண்டு அங்கீகாரம் கேட்காதீர்கள்" என்று சொல்லிவிட்டு அவர் போனார். அன்றைக்குச் சாயங்காலமே பள்ளிப் பதிவேட்டில் ஐந்து பெயர்களுக்கு நேரே 'முன்னேற்றம் இல்லை, நீக்கம்' என்று எழுதினீர்கள். ஐந்தும் அந்தத் தாளின் அடியில் இருந்த பெயர்கள். விஷயம் தெரியாதவர் எழுதியிருந்தால் நான் மன்னித்திருப்பேன்.

"என்ன சார் பண்றீக?" என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடம் நிக்கணும்ல டீச்சர்? இருக்குற பிள்ளைகளாவது படிக்கட்டும். நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். அதையும் எழுதிவிடுகிறேன், மலரில் யாரும் எழுதப் போவதில்லை.

ஜூனில் பள்ளி திறந்த அன்று பஞ்சவர்ணத்தின் அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு துணி மூட்டையோடு முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். நீங்கள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். சொல்கிற வேலை எனக்கு வந்தது.

"எம்புள்ள பேரு எழுதுது. என் பேரும் எழுதுது. பெறகு எதுக்கு டீச்சர் வேணாங்கிறீக?"

பஞ்சவர்ணம் எங்கள் இரண்டு பேர் உதட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாயிலிருந்து வந்த 'இடமில்லை' என்ற சொல்லைச் சரியாகப் படித்துவிட்டாள். படிக்கக் கற்றுக்கொடுத்தவள் நான்தானே. அம்மாவுக்கு முன்னால் அவளே மூட்டையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

அந்த வருடம்தான் உங்கள் நூற்றுக்கு நூறு.

வருட முடிவில் நான் வேலையை விட்டு வேறு ஊரில் இன்னொரு கேளாதோர் பள்ளிக்குப் போனேன். நீங்கள் காரணம் கேட்கவில்லை. போவதற்கு முன் மூன்று சனிக்கிழமை ஒக்கூர்ப் பக்கம் போய், அவளுக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கலாம் என்று பார்த்தேன். என்னைக் கண்டதும் பஞ்சவர்ணம் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உதட்டைப் பார்க்கவே இல்லை. கேளாத பிள்ளை முகத்தைத் திருப்பிவிட்டால் அதற்குப் பிறகு அதனிடம் எதையும் சொல்ல முடியாது, மன்னிப்பைக்கூட. மூன்றாம் வாரம் அவள் அம்மா என்னை வாசலிலேயே நிறுத்தினாள்.

"இனி வராதீக டீச்சர். நீங்க வந்துட்டுப் போனா ரெண்டு நாளைக்கு அது சோறு திங்க மாட்டேங்குது."

அதற்குப் பிறகு போகவில்லை. இப்போது அவளுக்கு இருபது வயதுக்கு மேல் இருக்கும்.

உங்கள் மேல் இருந்த மரியாதை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிட்டது. கோபம் கரையவில்லை, அதில் பாதி என் மேலேயே இருப்பதாலோ என்னவோ. இன்றைக்கும் என் வகுப்பில் ஒரு பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டால் பாடத்தை அப்படியே நிறுத்திவிடுவேன். மணி அடித்தாலும் சரி, யார் வந்து நின்றாலும் சரி. அந்தப் பக்கம் சுற்றிப் போய் அதற்கு எதிரே தரையில் உட்கார்ந்துகொள்வேன், அது நிமிர்ந்து என்னைப் பார்க்கிற வரைக்கும்.