பிஸ்வாதா போட்ட அதட்டல்

செவ்வாய், இரவு

இன்று டயாலிசிஸ் பிரிவில் பொம்மையை நோயாளியாகப் படுக்கவைத்துப் பயிற்சி. அதற்குத் திடீரென்று பிரஷர் இறங்கும். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து காப்பாற்ற வேண்டும். சீனியர் சிஸ்டர் என்பதால் நான்தான் தலைமை. சலைனைத் திறந்துவிட்டேன், காலைத் தூக்கிவைக்கச் சொன்னேன். மெஷின் உடம்பிலிருந்து நீரை இழுத்துக்கொண்டே இருந்ததைக் கவனிக்கவில்லை. பிரஷர் இன்னும் இறங்கி, பொம்மை செத்துப்போயிற்று.

பிறகு வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். டெக்னீஷியன் பிஸ்வாதா மெஷினைப் பார்க்கிறார், என் முகத்தைப் பார்க்கிறார், வாயைத் திறந்து மூடிக்கொள்கிறார். இரண்டு தடவை.

"ஏன் தாதா சொல்லலை?" என்று பெங்காலியில் கேட்டேன். இங்கே அண்ணனுக்குத் தாதா, அக்காவுக்குத் தீதி.

"சொன்னா கோவிச்சுப்பீங்களே, தீதி."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

மத்தியானம் மறுபடி செய்தோம். தெரிந்திருந்தும் பதற்றத்தில் அதையே மறந்தேன். "தீதி, முதல்ல நீர் இழுக்கிறதை நிறுத்துங்க!" என்று பிஸ்வாதா அறை அதிரக் கத்தினார். கோபம் வந்தது, பொய் சொல்வானேன். ஆனால் பொம்மை பிழைத்தது. வீடு திரும்பும் பஸ் கரியாஹாட் நிறுத்தம் வருவதற்குள் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நாளை காலை நிஜ நோயாளிகள். என் ஷிஃப்டில் பிஸ்வாதாதான். நிம்மதியாகத் தூங்கலாம்.