ஏரிக்கரையில் ஒரு மடக்குத் தண்ணீர்

இன்று காலை எங்கள் தெருவுக்கு போர்வெல் லாரி வந்தது. கொஞ்ச நேரத்தில் அரைபட்ட கல்லின் வாசனை சன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டது. வீட்டில் சாத்தச் சொன்னார்கள். நான் சாத்தவில்லை. நம் பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேச நீங்கள் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது உங்கள் வெள்ளைச் சட்டையில் இருந்தது இதே வாசனைதான். பொண்ணு பார்க்க வந்த இடத்தில் கிணற்றை எட்டிப் பார்த்த ஒரே சம்பந்தி நீங்கள்.

அந்த ஏரிக்கரை வீட்டுக்குப் போனதை எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன். உங்கள் மகன்தான் அதை வாடகைக்குப் பிடித்தார். சேந்தமங்கலத்துப் பக்கம், பின்னால் கொல்லிமலை, முன்னால் தளும்பத் தளும்ப ஏரி. வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிந்ததும் புறப்பட்டு, திங்கட்கிழமை அடுத்த முறைக்குள் திரும்பிவிடுவது என்று ஏற்பாடு. "அப்பாவுக்குத் தண்ணியப் பாத்தாலே போதுமுங்க மாமா, தெம்பாயிருவாரு" என்றார் என்னிடம். மெய்தான். ஊர் ஊராக லாரி ஓட்டிப்போய், பாறையைத் துளைத்துத் தண்ணீர் எடுத்தே வாழ்ந்தவர் நீங்கள். மகன் அதை மட்டும் நினைத்தார். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்குமேல் தண்ணீர் கூடாது என்று டாக்டர் கட்டளை போட்டிருந்த ஆளை ஏரிக்கு எதிரே உட்கார வைக்கப் போகிறோம் என்பது எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. அங்கே போய் நாற்காலி போட்ட பிறகுதான் தெரிந்தது. என் மகள் இளநீர் சீவிக் கொண்டுவந்து, உங்களைப் பார்த்ததும் அப்படியே திரும்பி உள்ளே போனாள்.

உங்கள் அரை லிட்டர் பாட்டிலுக்குக் காவல், நம் பேத்தி. உங்களுக்கு அப்பாரு என்றும் எனக்கு அப்பச்சி என்றும் பேர் வைத்திருந்தவள், கண்டிப்பை முழுக்க உங்களுக்கே வைத்திருந்தாள். பாட்டிலில் ரப்பர் பேண்ட் மாட்டி, "மத்தியானம் வரைக்கும் இந்தக் கோட்டுக்குக் கீழ போகப்படாது" என்பாள்.

"சரிங்க மேஸ்திரி" என்பீர்கள்.

சனிக்கிழமை வெயில் ஏறியதும் மற்றவர்கள் ஏரியில் இறங்கிவிட்டார்கள். நாம் இருவரும் மட்டும் வராந்தாவில். என் பக்கத்தில் ஒரு தண்ணீர் ஜாடி, வெளியெல்லாம் வியர்த்து. நீங்கள் ஏரியைப் பார்க்கவில்லை, அதைத்தான் பார்த்தீர்கள்.

"ஏனுங்க சம்பந்தி, ஒரு மடக்கு குடுங்க. ஆருக்குந் தெரியாது."

"உங்க உடம்புக்குத் தெரியுமுங்களே."

"அதுகிட்ட நான் பேசிக்கறேன்."

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. கொடுத்தால் ராத்திரி மூச்சு முட்டும். கொடுக்காவிட்டால் இதோ, இப்படிப் பார்ப்பீர்கள். ஜாடியை எடுத்துக்கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டு வந்தேன். அதற்குமேல் எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. பத்திரிகையில் எழுதிப் பிழைத்த என்னிடம் நீங்களேதான் பேச்சை மாற்றினீர்கள். "பேப்பர்காரரே, எத்தன அடியில தண்ணி வந்துச்சுன்னு எழுதறீங்க. என்ன ருசின்னு ஒருத்தனும் எழுதறதில்ல."

மறுநாள் காலை, பக்கத்து மனையில் போர் போடும் சத்தம். அங்கேயும் ஒரு ஏரிக்கரை வீடு வரப்போகிறதாம். "நிம்மதியா ரெண்டு நாள் இருக்க உடமாட்டானுங்க" என்று உங்கள் மகன் அலுத்துக்கொண்டார். நீங்கள் எழுந்து செருப்பைத் தேடினீர்கள். "ஏரிய முன்னால வெச்சுக்கிட்டு போர் போடறான் பாரு" என்று சொல்லும்போது உங்கள் முகத்தில் வந்த தெம்பை அந்த ஏரியால் கொண்டுவர முடியவில்லை. பேத்தி உங்கள் கையைப் பிடித்துக்கொள்ள, நானும் பின்னாலேயே வந்தேன்.

திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி, உங்களைத் தெரிந்த ஆட்கள். உங்களைக் கண்டதும் துளை போடும் டிரில்லர், பிடித்திருந்த கம்பியை விட்டுவிட்டுக் கும்பிட்டார். வெள்ளைத் துகள் பறந்தது, பிறகு சேறு, பிறகு தண்ணீர் பீய்ச்சி அடித்தது. கலங்கல் தெளிந்ததும் ஒரு மக்கில் பிடித்து உங்களிடமே கொண்டுவந்தார். முதல் தண்ணீரை வண்டி முதலாளி வாயில் வைத்து ருசி சொல்வது உங்கள் தொழிலின் வழக்கம்.

"நீங்க இருக்கறப்ப நாங்க ஆருங்க? வாயில வெச்சுச் சொல்லுங்க."

அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் கையமர்த்திவிட்டுப் பேத்தியைப் பார்த்தீர்கள். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"வெக்கலாம். ஆனா துப்பிப்போடோணும், அப்பாரு. முழுங்கப்படாது."

"சரி சாமி."

மக்கைத் தூக்கி வாயில் ஊற்றிக்கொண்டீர்கள். கன்னம் இரண்டும் உப்பியது. கம்ப்ரசரை நிறுத்திவிட்டார்கள், ஏரிக் கொக்குகளின் சத்தம் கேட்டது. நீங்கள் துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை. உங்கள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். விழுங்கிவிடட்டும் என்று நினைத்தேன். விழுங்கிவிடக் கூடாதே என்றும் நினைத்தேன். எதையும் சொல்ல எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. பேத்தி உங்கள் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

குனிந்து சேற்றில் துப்பினீர்கள். கடைசிச் சொட்டுவரை. பிறகு துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு டிரில்லரிடம் சொன்னீர்கள்: "நல்ல தண்ணி. குடிக்கலாம்."

பேத்தி கை தட்டினாள். வீடு திரும்பும் வழியெல்லாம் காரில் நீங்கள் உதட்டை அவ்வப்போது நாக்கால் தொட்டுக்கொண்டீர்கள். அடுத்த மாரியம்மன் பண்டிகைக்கு நீங்கள் இல்லை.

இன்று மத்தியானம் எங்கள் தெருவிலும் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தார். எத்தனை அடி என்று கேட்க வந்த வாயில் அதை ஊற்றிக்கொண்டேன். லேசான சவர். நாக்கின் அடியில் கல்மாவு. கடைசியில் ஒரு இனிப்பு, இருந்ததா இல்லையா என்று தெரியாத அளவுக்கு. நீங்கள் கேட்ட ருசியை என்னால் இவ்வளவுதான் எழுத முடிகிறது. விழுங்கலாம், எனக்கு ஒரு தடையும் இல்லை. அவர் டம்ளருக்காகக் காத்து நிற்க, நான் வாய் நிறையத் தண்ணீரோடு நின்றுகொண்டிருந்தேன்.