உச்சியில் ஏழு முடி

திருமுல்லைவாயில்,
9-2-1992

அன்புள்ள மச்சான் பாஸ்கரனுக்கு,

போன கடிதத்தில் உனக்கு ஒரு பொய் எழுதினேன். ஆயுத பூஜை நாடகத்தில் எனக்குக் கிடைத்த கைதட்டல் ஐந்து நிமிடம் ஓயவில்லை என்று பீற்றிக்கொண்டேன் அல்லவா? கைதட்டல் உண்மைதான். அது என் நடிப்புக்கு இல்லை. கடைசிக் காட்சியில் அம்மா காலில் விழுந்து, "தாயே!" என்று தலையைத் தூக்கினேன். தலை வந்தது, விக் வரவில்லை. அது அங்கேயே செத்த பெருச்சாளி மாதிரிக் கிடந்தது. முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது. அப்புறம் குவார்ட்டர்ஸ் மைதானமே சிரித்தது. இன்றைக்கும் ஃபாக்டரி கேன்டீனில் நான் வரிசையில் நின்றால், "பெருச்சாளி வந்துச்சு, வயி உடுங்கபா" என்கிறான்கள்.

நான்கு மாதம் மறைத்ததை இப்போது ஏன் கக்குகிறேன்? எல்லாம் பொங்கல் வாழ்த்தோடு நீ அனுப்பிய போட்டோவால்தான். அடேயப்பா! நடுவகிடு எடுத்து, இரண்டு பக்கமும் அலை அலையாக! புஷ்பா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, கட்டிய புருஷன் என்னைப் பார்த்தாள். "இன்னாய்யா இது, அந்த அண்ணனும் நீயும் ஒரே கிளாஸ்தான? அவரு வாத்தியார்கிட்ட படிச்ச மாதிரி கீறாரு, நீ வாத்தியாரு மாதிரி கீற." போட்டோ இப்போது ஷோகேசில், பொம்மைகளுக்கு நடுவில்.

ஏதோ மருந்து தடவுவதாக ஒரே ஒரு வரி எழுதியிருந்தாயே, அதை விவரமாக எழுது. முடிந்தால் அனுப்பு. நான் சின்ன வெங்காயச் சாறு தேய்த்ததில் பஸ்ஸில் பக்கத்து சீட் காலியானதுதான் மிச்சம்.

விஷயம் அவசரம். நாடக மன்றச் செயலாளர் ஜேம்ஸ் தீர்ப்பே சொல்லிவிட்டார். "கஜா, ஆகஸ்ட்ல ஒத்திகை. அதுக்குள்ள சொந்த முடியோட வந்தா நீதான் ஈரோ. இல்லாங்காட்டி தசரதன் ஈரோ, நீ அவனுக்கு நைனா." பதினாறு வருஷமாகக் கதாநாயகன் மச்சான் நான்! தசரதனுக்கு இருபத்தாறு வயது. வசனம் பேசினால் ஸ்டேஷனில் ரயில் அறிவிப்பது மாதிரி இருக்கும். ஆனால் தலை நிறைய முடி. அவனுக்கு நான் அப்பாவா?

பதிலை எதிர்பார்த்து, போஸ்ட்மேனைத் துரத்திக்கொண்டிருக்கும்
கஜபதி

மஸ்கட்,
28-2-1992

அன்புள்ள கஜாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் ரூமில் இருந்தவர்கள் பயந்துபோனார்கள். மன்னித்துக்கொள்.

எனக்கு 88-இல் கொட்ட ஆரம்பித்தது. 90-இல் இந்த மருந்தை வாங்கினேன். போட்டோ அதற்கு ஆறு மாதம் கழித்து எடுத்தது. அதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

கோவில்பதாகை வீராசாமி லீவில் வருகிறான். அவனிடம் ஐந்து பாட்டில் கொடுத்திருக்கிறேன். ஒரு பாட்டில் ஒரு மாதம். காலையும் இரவும் ஒவ்வொரு மில்லி, உச்சியில் மட்டும். கூடுதலாகத் தடவினால் கூடுதலாக முளைக்கும் என்று நினைக்காதே, உன் புத்தி எனக்குத் தெரியும். முதலில் இருப்பதும் கொட்டும், பயப்படாதே. அரிக்கும். நெஞ்சு படபடத்தாலோ முகம் வீங்கினாலோ உடனே டாக்டரைப் பார். இன்னொன்று: நிறுத்தினால் முளைத்ததும் போய்விடுமாம். தாலி கட்டின மாதிரி, கடைசி வரைக்கும் என்கிறார் கடைக்காரர்.

லீவைப் பற்றிக் கேட்காதே. 84-இல் வந்தது. இந்த வருஷமும் கம்பெனியில் ஆள் இல்லை.

அன்புடன்,
பாஸ்கரன்

திருமுல்லைவாயில்,
24-5-1992

என் தலைக்கு எண்ணெய் வார்த்த மச்சானுக்கு,

முளைத்துவிட்டதடா! உச்சியில் ஏழு முடி! பூனை ரோமம் மாதிரிதான், ஆனாலும் முடி. தினமும் காலையில் புஷ்பா என்னை வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்து எண்ணுகிறாள். நேற்று எட்டு என்றாள். ஒன்று துண்டு நூல் என்று அப்புறம்தான் தெரிந்தது.

மருந்தின் நல்லதையும் கெட்டதையும் நிறுத்துப் பார்த்துச் சொல் என்று யாராவது கேட்டால் இப்படித்தான் சொல்வேன். முதல் மாதம் இருந்ததில் பாதி கொட்டியது. தலையணை உறையைப் பார்த்துப் புஷ்பா, "ஐயையோ, இவ்ளோவா வச்சிகினு இருந்த!" என்று ஆச்சரியப்பட்டாள். அப்புறம் அரிப்பு. ஃபோர்மன் பேசும்போது நான் தலையைச் சொறிந்துகொண்டே இருக்க, அவர் எனக்கு வேலை புரியவில்லை என்று நினைத்து மூன்று முறை விளக்கினார். அடுத்து, கேட்ட இடத்தில் வராத முடி கேட்காத இடத்தில் வந்தது. நெற்றியிலும் காதோரமும் கருகருவென்று. மருந்துக்கு என் தலை பிடிக்கவில்லை, முகம் பிடித்திருக்கிறது.

இதெல்லாம் போகட்டும். போன வாரம் ஸ்டேஷன் மேம்பாலம் ஏறும்போது நெஞ்சு பறை அடித்தது. பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். லோக்கல் போய்விட்டது. உண்மையைச் சொல்கிறேன், நாலைந்து நாளாக ஒரு மில்லிக்குப் பதில் மூன்று மில்லி தடவினேன். ஆகஸ்ட் துரத்துகிறதே! டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு, "முடி வேணுமா, நீ வேணுமா?" என்றார். "ரெண்டும்தான் சார்" என்றேன். வீட்டில் புஷ்பா சாமி படத்துக்கு முன்னால் மஞ்சள் துணியில் ஏதோ முடிந்துகொண்டிருந்தாள்.

உனக்கு நெஞ்சு படபடத்ததா மச்சான்? எத்தனை நாளில் அடங்கியது? நீ தாண்டி வந்தவன், சொல். உன் போட்டோவைப் பார்த்துத்தான் தைரியமாக இருக்கிறேன்.

ஏழு முடிக்குச் சொந்தக்காரன்,
கஜபதி

மஸ்கட்,
8-6-1992

கஜா,

உடனே குறை. ஒரு மில்லிக்கு மேல் ஒரு சொட்டு வேண்டாம். மறுபடி படபடத்தால் பாட்டிலைச் சாக்கடையில் ஊற்று. ஆயுத பூஜை வருஷா வருஷம் வரும்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. என்னைப் பார்த்து நீ எதுவும் செய்யாதே. புஷ்பாவிடம் சொல், நான் சொன்னேன் என்று.

பாஸ்கரன்

திருமுல்லைவாயில்,
11-10-1992

அன்புள்ள மச்சானுக்கு,

நான்கு மாதமாக எழுதாததற்குத் திட்டாதே. கதை முடியட்டும் என்று காத்திருந்தேன். முடிந்துவிட்டது, எப்படி என்று கேள்.

ஒரு மில்லிக்குக் குறைத்ததும் நெஞ்சு அடங்கியது. ஜூலையில் உச்சி முழுக்க மெல்லிசாகக் கறுத்துவிட்டது. ஜேம்ஸ் வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, என் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "கர்த்தர் கிருபை! நீதான் ஈரோ" என்றார். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. வீட்டுக்கு ஓடிவந்து புஷ்பாவிடம் சொன்னேன். அவள் முகம் போன போக்கே சரியில்லை.

"அன்னிக்கி நீ மூச்சு வாங்கிகினு வந்து குந்துனியே, எனுக்கு ஈரக்கொலையே நடுங்கிச்சு. நெஞ்சுவலி நின்னா உன் முடிய பெரியபாளையத்தாளுக்குக் குடுக்கறேன்னு முடிஞ்சிகினேன்யா."

"அடியே, வேற எதுவுமே கெடைக்கலியா ஒனக்கு?"

"நம்மூட்ல அன்னிக்கி ஒசத்தியா இருந்தது அதாம்!"

அவளோடு நான் என்ன வாதாடுவது? ஆடி மூன்றாம் ஞாயிறு பெரியபாளையம் போனோம். என் தலையைத் தண்ணீர் விட்டு நனைத்த நாவிதர், "இதுக்கு இன்னாத்துக்குபா கத்தி? துண்டால தொடச்சாலே போயிடும்" என்றார். ஐந்து மாத மருந்து, அரிப்பு, படபடப்பு எல்லாம் இரண்டு நிமிடத்தில் வேப்பிலைக் குப்பையோடு போயிற்று. மீதியிருந்த அரை பாட்டிலையும் புஷ்பா ஊற்றிவிட்டாள். நானும் தடுக்கவில்லை. படியேறும்போது பயமில்லாமல் இருப்பதும் ஒரு சுகம்தானே.

மறுநாள் அப்பா வேடத்துக்குத் தயாராக ஒத்திகைக்குப் போனேன். அங்கேதான் அதிசயம். என் வழுக்கையைப் பார்த்துச் சிரித்த அதே ஆட்கள் என் மொட்டையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்! "எந்தக் கோயிலு அண்ணாத்தே?" என்று மரியாதையாக விசாரிக்கிறான் தசரதன். மொட்டைக்கு அடியில் தோட்டம் இருந்ததா, பொட்டல் இருந்ததா என்று எவனுக்குத் தெரியும்? ஜேம்ஸ் ஒரு வாரம் யோசித்து, கதாநாயகன் வேண்டுதல் முடித்து ஊர் திரும்புவதாகக் கதையையே மாற்றிவிட்டார். நாடகத்துக்கு முந்தின நாள் மறுபடி மழித்துக்கொண்டேன், இரண்டாவது வேண்டுதல் என்று சொல்லி. அம்மா காலில் விழுந்து தலையைத் தூக்கினேன் மச்சான். விழ ஒன்றும் இல்லை. முன்வரிசையில் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். இந்தக் கைதட்டல் பொய் இல்லை. சந்தேகம் இருந்தால் புஷ்பாவுக்கு எழுதிக் கேள்.

டிசம்பரிலாவது லீவு போடு. எட்டு வருஷம் ஆகிறது. மீனம்பாக்கத்தில் வந்து நிற்பேன், பளபளவென்று, தூரத்திலிருந்தே தெரியும். நீ எப்படி வந்தாலும் எனக்கு அடையாளம் தெரியும். வரும் வழியில் உனக்கும் ஒரு வேண்டுதல் இருந்தால் பெரியபாளையம் போய்வரலாம், துணைக்கு நானும் மூன்றாவது முறை உட்காருகிறேன்.

என்றும் உன்,
மொட்டை கஜபதி

பி.கு.: ஆயுத பூஜைக்கு ஷோகேசைத் துடைக்கும்போது புஷ்பா உன் போட்டோவைத் திருப்பிப் பார்த்தாள். பின்னால் மஸ்கட் ஸ்டூடியோக்காரன் முத்திரை இருக்கிறது: 14 மார்ச் 1985.