சுவாதியின் இடது முழங்கால்

சுனாமி குடியிருப்பு,
தாழங்குடா, கடலூர்.
12.9.2009

அன்புள்ள மாமாவுக்கு,

இசைவாணி எழுதுவது. நானும் சுவாதியும் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் குறையில்லாமல் இருக்கிறோம். பஹ்ரைன் வெயிலில் படகில் நிற்கிற நீங்கள் தலையில் துண்டு கட்டிக்கொள்கிறீர்களா இல்லையா என்பதுதான் என் கவலை. போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பீர்கள். வெள்ளிக்கிழமை உங்கள் போன் வந்தால் உங்கள் மகள் என் தோளில் ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். அவளை வைத்துக்கொண்டு இதைப் பேச முடியாது. லீவில் வந்திருக்கும் ராஜமாணிக்கம் அண்ணன் திங்கட்கிழமை அங்கே திரும்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாதக் கடைசியில் நடக்கும் மாவட்டப் போட்டியில் சுவாதி ஓடமாட்டாள். நான்தான் நிறுத்தினேன். பள்ளிக்கூடத்துக்கே போய், விளையாட்டு வாத்தியார் தட்சிணாமூர்த்தி சாரிடம் பெயரை அடிக்கச் சொன்னேன். "ஆயிரத்து ஐநூறு மீட்டர்ல இந்தப் பொண்ண விட்டா எனக்கு யாரும்மா இருக்கா?" என்று அரைமணி நேரம் புலம்பினார். பெயரை அடிக்கும்வரை நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

அவள் இடது முழங்காலில் வெளிப்பக்கம் வலி. ஆடி மாதத்திலிருந்தே இருக்கிறது. நீங்கள் கேட்டபோதெல்லாம் "சரியாப் போச்சுப்பா" என்று அவள் சொன்னது பச்சைப் பொய். நீங்களும் "ஓடி ஓடித்தான் வலி விட்டுப்போவும், உக்காந்தா கால் மரத்துடும்" என்றீர்கள். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு தைலம் தடவித் தடவி ஓடியிருக்கிறாள். போன வாரம் தேவனாம்பட்டினத்தில் என் அக்கா வீட்டு மாடியிலிருந்து இறங்கும்போது, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். பதினைந்து வயதுப் பெண்! மறுநாளே அவளை இழுத்துக்கொண்டு சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன்.

அங்கே ஜெயசீலன் என்று ஒரு பிசியோதெரபி டாக்டர், சின்ன வயசுதான். எக்ஸ்ரே பார்த்துவிட்டு எலும்பில் ஒன்றும் இல்லை என்றார். பிறகு எங்கே ஓடுகிறாய், எப்படி ஓடுகிறாய் என்று துருவித் துருவிக் கேட்டார். நீங்கள் கிளம்புமுன் வகுத்துக் கொடுத்த வழியை அப்படியே ஒப்பித்தாள். விடிந்ததும் தாழங்குடாவிலிருந்து தேவனாம்பட்டினம் வரை ஈரமணலில் ஓட்டம். விற்க மீன் எடுக்க ஷேர் ஆட்டோவில் அங்கே வரும் நான் யூனிபார்மும் புத்தகப் பையும் கொண்டுவருவேன். அக்கா வீட்டில் உடை மாற்றி, அங்கிருந்தே பள்ளிக்கூடத்துக்கு பஸ். "அப்போ திரும்பி ஓடி வர்றதே கெடையாதா?" என்று கேட்டார். மூன்று வருஷத்தில் ஒருநாள்கூடக் கிடையாது.

ஒரு பலகையைச் சாய்த்து வைத்து அவளை அதன்மேல் நிற்கச் சொன்னார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கரை கடல் பக்கம் சரிந்துதானே இருக்கிறது? தெற்கே ஓடினால் கடல் எப்போதும் இடது கைப்பக்கம், இடது கால் எப்போதும் பள்ளத்தில். தினமும் அந்த ஒரு முழங்கால் மட்டும் இழுபட்டிருக்கிறது. கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்த நம் இரண்டு பேருக்கும் இது தோன்றவில்லை பாருங்கள். வழி வகுத்தது நீங்கள், பையைத் தூக்கி வந்தது நான். பழியை ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொள்வோம்.

ஆறு வாரம் ஓட்டமே கூடாதாம். இடுப்புக்கும் தொடைக்கும் பலம் வர, ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்கி இறக்க வேண்டும். காலையும் மாலையும் பக்கத்தில் உட்கார்ந்து நானே எண்ணுகிறேன், ஒன்றுகூட ஏமாற்ற விடுவதில்லை. ஐஸ் வைக்கச் சொன்னார். நம்மிடம் ஐஸுக்கா பஞ்சம்? மீன் பெட்டி ஐஸைத் துண்டில் சுற்றி வைத்தால், "முட்டியெல்லாம் சங்கரா மீன் நாத்தம் அடிக்குதும்மா" என்று மூக்கைப் பொத்திக்கொள்கிறாள். பிறகு சமதரையில் கொஞ்சம் நடை, கொஞ்சம் ஓட்டம். அவசரப்பட்டால் வருஷக்கணக்கில் இழுத்தடிக்கும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவளை நான் திரும்ப ஓடவைப்பேன் மாமா, அதில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம். வலி சுத்தமாக விட்ட பிறகுதான் ஓடுவாள். அதற்குமுன் நீங்களே நேரில் வந்து நின்றாலும் விடமாட்டேன்.

இன்னொன்று எழுத வேண்டும். இதுவரை எழுதியதெல்லாம் சுலபம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், ஏன்டி இத்தனை நாள் மறைத்தாய் என்று கேட்டேன். புதுச்சத்திரம் தாண்டும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நான் ஓடலன்னா அப்பா எங்கிட்ட என்னம்மா பேசுவாரு?"

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் "எத்தன நிமிஷத்துல ஓடுன?" என்றுதான் கேட்கிறீர்கள். அவளும் சொல்கிறாள். உடனே போன் என் கைக்கு வந்துவிடுகிறது. உங்களைக் குறை சொல்லவில்லை. நீங்கள் போகும்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. வளர்ந்த பெண்ணிடம் என்ன பேசுவது என்று உங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் அவள் அதைக் காலில் தாங்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். அதை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை.

இந்தக் கடிதம் வந்த பிறகு வரும் வெள்ளிக்கிழமை, போனை நான் எடுக்கமாட்டேன். சுவாதிதான் எடுப்பாள். எத்தனை நிமிஷம் என்று கேட்காதீர்கள். காலைப் பற்றிக்கூடக் கேட்க வேண்டாம். அங்கே என்ன மீன் பட்டது, அறையில் யார் சமைக்கிறார்கள், எதற்குச் சிரித்தீர்கள், என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். பேச ஒன்றுமே தோன்றாவிட்டாலும் போனை மட்டும் வைத்துவிடாதீர்கள். அவள் பேசுவாள்.

உங்கள் உடம்பு நன்றாயிருக்க வேண்டும்,
இசைவாணி