அம்மாவுக்கு ஒரு பக்கம்

ஓகஸ்ட் 6, திங்கள்

கச்சான் காற்று. குசினி முழுக்க மணல். மா இல்லை, இரண்டு கடையிலும் கையை விரித்துவிட்டார்கள்.

ரீச்சர் சொன்னபடி இன்று முதல் நாட்குறிப்பு. ஓர்ஸ் ஹில்லில் பெரியவர்களுக்கு நடக்கும் மாலைத் தமிழ் வகுப்பில் எங்கள் எல்லோருக்கும் சொன்னது: தினம் ஒரு பக்கம், ஒருத்தருக்கும் காட்ட வேண்டாம், எனக்கும் வேண்டாம். நல்லது. அப்படியென்றால் திட்டலாம்.

அம்மா செத்த முப்பத்தோராம் நாள் வருகிறது. அன்றைக்கு வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கல்வெட்டு கொடுக்க வேண்டும். அம்மாவின் வரலாறு, பாட்டு, தேவாரம், வம்சம் எல்லாம் சேர்த்து ஒரு சின்னப் புத்தகம். தம்பி வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு வந்தான். பென்சன் எடுத்தவர். இந்தப் பக்கத்தில் யார் செத்தாலும் கல்வெட்டு அவர் கையால்தான். விறாந்தைக் கதிரையில் இருந்து ராகத்தோடு பாடினார். தம்பியின் மனைவி, மச்சாள், மூக்கைச் சிந்தினாள். எனக்கும் கண்ணீர். என்ன பாடினார் என்று கேட்டால் தெரியாது.

அவர் பாடிய தாளை வாங்கி வைத்திருக்கிறேன். வகுப்பில் இப்போது செய்யுளைப் பிரித்து வாசிக்கப் பழகுகிறோம். பார்ப்போம்.

ஓகஸ்ட் 7, செவ்வாய்

பிரித்தேன். பிரிக்காமலே இருந்திருக்கலாம்.

நாலாம் பாட்டு. அம்மாவின் உயிர் போகிறது, பக்கத்தில் கணவர் கதறி அழுகிறார். அப்பா செத்தது தம்பி தொட்டிலில் கிடந்தபோது. எந்தக் கணவர்? வேறு யாரோ மனுசிக்குப் பாடிய பாட்டில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார் வாத்தியார். ராகத்தில் ஒருத்தருக்கும் விளங்கவில்லை. எல்லோரும் அழுதோம்.

வசனப் பகுதி இன்னும் மோசம். அப்பா "புகழ்பூத்த வர்த்தகர்". தோளில் கருவாட்டுக் கூடை சுமந்தவர். அம்மா "இல்லம் விட்டகலா இல்லாள்". தம்பி படித்து முடிக்கும் வரை, விடியுமுன் படகுத்துறை ஜெட்டியில் இடியப்பத்தோடு போய்க் குந்தியிருந்த மனுசி.

வாத்தியாரின் எழுத்தில் இல்லாதவை:
ஜெட்டி
மூதூர் லோஞ்ச் படகு
இடியப்பப் பெட்டி, சொதி வாளி
கால் வீக்கம்
அம்மாவின் வாய்

எழுவாய், பயனிலை எல்லாம் சரி. குறை சொல்ல ஒன்றுமில்லை. அம்மாதான் அதில் இல்லை என்று எப்படிச் சொல்வது?

ஓகஸ்ட் 8, புதன்

சொன்னேன். தம்பியோடு சண்டை.

"அக்கா, கல்வெட்டில ஆரும் இடியப்பப் பெட்டியைப் போடுறவையே? கந்தோர் ஆக்கள் எல்லாம் வருவினம்."

"அந்தப் பெட்டியாலதான் நீ கந்தோர் உத்தியோகத்துக்குப் போனனீ."

மச்சாள் இடையில்: "மாமி போய்ச் சேர்ந்திட்டா. இனி ஏன் ஜெட்டிக் கதை?"

கணவர் அழுகிற பாட்டைக் காட்டினேன். தம்பி பார்த்தான். "பாட்டெண்டா அப்பிடித்தான் வரும். வாத்தியாரிட்டப் போய்ப் பிழை சொல்ல ஏலுமே?" பிறகு சிரித்துக்கொண்டு, "அப்ப நீங்களே எழுதுங்கோவன். பிழையில்லாமல் ஒரு பக்கம் தந்தா அச்சடிப்பிக்கிறன்."

ஐந்தாம் வகுப்போடு என்னை மறித்தது யாரைப் படிப்பிக்க என்று கேட்க வாய்வரை வந்தது. எழுதத்தான் போகிறேன்.

ஓகஸ்ட் 9, வியாழன்

நாலு தாள் கிழித்தாயிற்று. பேனையை எடுத்தால் வாத்தியார் வந்து குந்திவிடுகிறார். "அன்னையார் அவனியில் அவதரித்து". அம்மா எங்கே அவதரித்தார்? சல்லிக் கிராமத்தில் பிறந்தார். இவ்வளவு திட்டிவிட்டு என் கையும் அதையே எழுதுகிறது. எரிச்சல்.

பகல் சமையல் மரக்கறிப் புளி. உப்புக் கூடிவிட்டது.

ஓகஸ்ட் 10, வெள்ளி

வகுப்பு. கிழிக்காமல் மிஞ்சிய தாளைக் காட்டினேன். ரீச்சர் வயதில் என்னைவிடச் சின்னவர், ஆனால் தயவு தாட்சணியம் கிடையாது. ஒரு வசனத்தை நாலாக வெட்டினார். பிறகு ஒரு இடத்தில் விரலை வைத்தார். "அன்னார் சிற்றுண்டி வழங்கி வந்தார்."

"அம்மா இடியப்பத்தைச் சும்மாவோ குடுத்தவ?"

"இல்லை ரீச்சர். வித்தவ."

"அப்ப அதை எழுதுங்கோவன்."

முகம் சுட்டது. விற்றார் என்று எழுத எனக்கும் கூசியிருக்கிறது. தம்பிக்கு வாய் காட்டின நான்.

பக்கத்து வாங்கில் ஹனிபா நானா. கிண்ணியா ஆள், மூதூர் லோஞ்சில் டிக்கெட் கொடுப்பவர், எழுத்துப் பரீட்சைக்காக வகுப்புக்கு வருகிறார். கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

"தங்கச்சி, உங்கட அம்மா லோஞ்சை ஒரு கையால புடிச்சிட்டு மற்றக் கையால சொதி ஊத்துவா. கயிறு அவிட்டாலும் விடமாட்டா. நாங்க கத்துவம். அவ அதைவிடக் கத்துவா."

அதையும் எழுதிக்கொண்டேன்.

ஓகஸ்ட் 12, ஞாயிறு

திரும்ப முதலிலிருந்து. யார், எங்கே, என்ன செய்தார். அவ்வளவுதான். சின்னச் சின்ன வசனம். எழுத எழுத நான் மறந்துபோனதாக நினைத்ததெல்லாம் வந்தது. நல்லாக அழுதேன். இந்த முறை எதற்கு அழுகிறேன் என்று தெரியும்.

ஓகஸ்ட் 13, திங்கள்

தம்பியிடம் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தான். திரும்ப வாசித்தான். முகம் இறுகிவிட்டது.

"இது ஆர் எழுதித் தந்தது?"

"நான்தான்."

"ரீச்சரோ?"

மச்சாள் எட்டிப் பார்த்துவிட்டு, "பிழை ஒண்டும் இல்லை, அதுதான் கேக்கிறார்" என்றாள்.

நாசமாய்ப் போக. பிழை இருந்தால் அச்சடிக்க ஏலாது. பிழை இல்லாவிட்டால் என்னுடையது இல்லை. அடுப்படியில் நின்றுகொண்டு உருபும் புணர்ச்சியும் பாடமாக்கினவளுக்கு இதுதான் மரியாதை. தம்பி தாளை மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தான். "பாப்பம்" என்றான். நல்லவேளை, ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது.

ஓகஸ்ட் 15, புதன்

நானும் அச்சகத்துக்குப் போனேன். தம்பிக்கு விருப்பமில்லை.

அச்சகக்காரர்: "பேப்பர் இல்லை. எட்டுப் பக்கத்துக்கு மேல ஏலாது. ஒண்டை வெட்டுங்கோ."

தேவாரத்தை வெட்ட ஏலாது. வம்சத்தை வெட்டினால் சொந்தக்காரர் கோவிப்பார்கள். நாலாம் பாட்டை வெட்டுங்கள் என்றேன்.

"வாத்தியார் கோவிப்பார்" என்றான் தம்பி.

"அப்ப அப்பா எழும்பி வந்து அழட்டும்."

அச்சகக்காரர் சிரித்துவிட்டார். தம்பி சிரிக்கவில்லை. என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே ஏதோ கதைத்தான். செத்தவர் கோவிக்க மாட்டார் என்றால் அவரை எப்படியும் எழுதலாம் போலிருக்கிறது.

ஓகஸ்ட் 17, வெள்ளி

முப்பத்தோராம் நாள். விடிய எல்லோரும் கன்னியாவுக்கு. அந்தியேட்டிக் கிரியை முடிந்து தம்பி வெந்நீர்க் கிணறுகளில் முழுகிவிட்டு வந்தான். வீடு நிறைய ஆட்கள். கந்தோர் ஆட்கள் முன்னால் கதிரைகளில். ஹனிபா நானாவும் இரண்டு லோஞ்ச்காரரும் வேலிப் படலையடியில்.

கல்வெட்டுக் கட்டு வந்தது. பிரித்தேன், மை மணம். என் பக்கம் இல்லை. கணவர் இருக்கிறார், கதறி அழுதபடி.

வாத்தியார் பாடினார். நாலாம் பாட்டில் கந்தோர் ஆள் ஒருவர் லேஞ்சியால் கண்ணைத் துடைத்தார்.

பாடி முடிந்ததும் அறைக்குள் போய் என் பிரதியை எடுத்துக்கொண்டு வந்து நடு விறாந்தையில் நின்றேன். பொம்பிளைகள் கல்வெட்டு வாசிப்பதில்லை. தெரியும்.

"எங்கள் அம்மா சல்லியில் பிறந்தார். ஜெட்டியில் இடியப்பம் விற்று எங்களை வளர்த்தார். லோஞ்ச் புறப்பட்டாலும் கையை எடுக்க மாட்டார். எல்லோரையும் ஏசுவார். பசியோடு ஒருவரையும் மூதூருக்கு அனுப்பியதில்லை."

படலையடியில் "ஓம், ஓம்" என்று சத்தம். அதோடு எந்த வரியில் நின்றேன் என்று எனக்குத் தெரியவில்லை. விரலால் தேடுகிறேன், பிடிபடவில்லை. தம்பி எழும்பி வந்தான். தாளைப் பறிக்கப் போகிறான் என்று நினைத்தேன். வாங்கி வாசிக்கத் தொடங்கினான். கந்தோர்க் குரல், தெளிவாக. கடைசிப் பந்திக்கு வந்தபோது ஒரு இடத்தைத் தாண்டி அடுத்ததற்குப் போனான்.

"ஒரு வரியை விட்டிட்டாய் தம்பி" என்றேன்.

என்னைப் பார்த்தான். சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பிப் போய் அந்த இடத்தை வாசித்தான். குரல் கந்தோர்க் குரல் இல்லை.

"தம்பி சிநேகிதரோடு பள்ளிக்கூடம் போவது தூரத்தில் தெரிந்தால் அம்மா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வார், அவன் வெட்கப்படக் கூடாது என்று."

பிறகு அவ்வளவு சனத்துக்கும் முன்னால் என்னிடம் கேட்டான்: "உண்மையாவே? நான் காணாத மாதிரிப் போனதை அம்மா கண்டவவே?"

"ஒவ்வொரு நாளும்" என்றேன்.

அப்படியே நிலத்தில் குந்திவிட்டான். நான் தூக்கிவிடவில்லை. ஆட்களைச் சாப்பிடக் கூப்பிடப் போனேன்.