மிளகின் வயிற்றுப் புள்ளி

மார்ச் 3, திங்கள்

பயிற்சி முடிந்து வீடு வந்தாயிற்று. ஒரு வாரமாகப் பல்செட் செய்யும் புது இயந்திரத்தோடு மல்லுக்கட்டியதில் முதுகு கழன்றுவிட்டது. செருப்பைக்கூடக் கழற்றாமல் கண்ணாடித் தொட்டிப் பக்கம் ஓடினேன். கடுகு, சீரகம், மிளகு — என் மூன்று நியூட்டும் உள்ளே இருக்கின்றன. பல்லி உருவம், தவளைச் சாதி, ஆரஞ்சு வயிற்றில் கறுப்புப் புள்ளி. வருகிறவர்கள் "ஐயே" என்பார்கள். எனக்குச் செல்லங்கள்.

"பாத்தியா, கண்ணுல வெச்சுப் பாத்துக்கிட்டேன்," என்றார் இவர். தொட்டி மூடியில் கொக்கியும் மாட்டியிருந்தது. போகும்போது நான் படித்துப் படித்துச் சொன்னது அந்தக் கொக்கியைத்தான். கண்ணாடியில் ஏறி வெளியே போனால் காய்ந்து செத்துவிடும். பரவாயில்லை, மனுஷன் பேரைக் காப்பாற்றிவிட்டார்.

பயிற்சிக்குப் போன ஊரில் ஆசைப்பட்டு வாங்கிய நீர்ச்செடியைக் கழுவித் தொட்டியில் ஓரமாக நட்டேன்.

மார்ச் 7

இடுக்கியில் புழுவைக் காட்டினால் முதல் ஆளாக வந்து பறிக்கிற மிளகு, பாசிக்குள்ளேயே பம்முகிறான். விட்டுப் போனேன் என்று கோபமாடா ராசா?

மார்ச் 12

கடுகின் தோலில் புண். தண்ணீரில் இறங்காமல் கல்மேலேயே உட்கார்ந்திருக்கிறது. சீரகமும் சாப்பிடவில்லை. தண்ணீரின் குளிர்ச்சி சரி, வடிகட்டி சரி — பின்னே என்னதான் ஆச்சு?

"நீ கொண்டாந்த செடியாத்தான் இருக்கும்," என்றார் இவர், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

கழுவித்தானே நட்டேன்?

மார்ச் 14

கால்நடை மருத்துவரிடம் போனோம். இவர்தான் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

"புதுசா எதையாவது உள்ள விட்டீங்களாம்மா? புது நியூட் வந்தா, கொஞ்ச நாள் தனியா வெச்சிருந்துதான் மத்ததோட சேக்கணும்," என்றார் டாக்டர்.

"இல்ல டாக்டர், செடி மட்டும்தான்."

"ஆமா, செடிதான்," என்று இவரும் தலையாட்டினார்.

வழியெல்லாம் அழுதேன். முதுகைத் தட்டிக்கொடுத்தார். "விடும்மா. வேணும்னா பண்ணின?" என்றார். எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்தேன்.

மார்ச் 15

டாக்டர் தந்த மருந்தைப் போட்டேன், அவர் சொன்னபடி தொட்டியையும் கலைத்தேன். பாப்பா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம் நட்ட செடிகள். வேர் கல்லோடு கல்லாகப் பிடித்திருந்தது, பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. எல்லாம் குப்பைக்கு. இவர்தான் வாளி பிடித்தார்.

மூன்றையும் தனித்தனிக் கண்ணாடி டப்பாவில் விட்டேன். மிளகின் டப்பாவைத் தூக்கியபோது அடிவயிறு தெரிந்தது. இவற்றுக்கு வயிற்றுப் புள்ளி நமக்குக் கைரேகை மாதிரி, ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. மிளகுக்குத் தொண்டையில் தனியாக ஒரே ஒரு புள்ளி, பேரே அதனால் வந்ததுதான். இதற்குத் தொண்டை முழுக்கத் திட்டுத் திட்டாகக் கறுப்பு.

"இது மிளகு இல்லையே?"

"வளர வளர மாறுமா இருக்கும்," என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பக்கத்தில் நின்ற பாப்பா ஓவென்று அழுதுவிட்டாள். அப்பா கூட்டாளிகளுக்குக் காட்ட மூடியைத் திறந்தாராம். கொக்கி மாட்ட மறந்துவிட்டாராம். மறுநாள் புத்தக அலமாரிக்குப் பின்னால் மிளகு காய்ந்து கிடந்தானாம். அன்றைக்கே கடையில் ஒன்றை வாங்கி, அப்படியே உள்ளே விட்டாராம். "உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரும்மா."

மறந்தது தப்புன்னு நான் சொல்லல. யாருக்கும் மறக்கும். நானே அடுப்புல பாலை வெச்சுட்டு மறக்கறவ. ஆனா பழியத் தூக்கி என் தலையில கட்டினியே! டாக்டர் வாய்விட்டுக் கேட்டப்பகூடக் கல்லு மாதிரி உக்காந்திருந்தியே! நான் ஒவ்வொண்ணாப் பிடுங்கப் பிடுங்க வாளியப் பிடிச்சுக்கிட்டு நின்னியே, பாவி மனுஷா! புள்ளையவும் பொய்க்குக் கூட்டு சேத்துக்கிட்டு —

மார்ச் 16

நானே போய் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். புது நியூட்டிடமிருந்து தொற்றியது என்று மருந்தை மாற்றினார். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா," என்றார்.

திரும்பி வந்தபோது கடுகு போய்விட்டிருந்தது.

மார்ச் 29

சீரகம் ஒரு புழு சாப்பிட்டது. புதிதாக வந்த நியூட்டும் தேறுகிறது. அதற்கும் அதே மருந்துதான் போடுகிறேன். அது என்ன பாவம் பண்ணியது, கொண்டுவந்து விட்டால் இருக்கத்தானே செய்யும்? பேர்தான் வைக்க வாய் வரவில்லை.

இவர் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். "எத்தனை தடவ மன்னிப்புக் கேக்கறது? ஒரு பூச்சிக்காக இப்படி மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கியே."

"பூச்சிக்காக இல்லீங்க."

டீ ஆறியே போயிற்று.

ஏப்ரல் 24

இரண்டாம் கட்டப் பயிற்சிக்கு வந்திருக்கிறேன். நியூட்டுகளை என்னோடு வேலை பார்க்கிறவள் வீட்டில் விட்டிருக்கிறேன்.

மத்தியானம் இவர் போன் செய்தார். "பாப்பாவுக்கு லேசா காய்ச்சல். மருந்து குடுத்திருக்கேன், தூங்கறா. பயப்பட ஒண்ணுமில்ல, நீ வேலையப் பாரு."

சரி என்று வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். பயிற்சி கொடுக்கிற அம்மா பாடம் எடுக்கிறார், காதில் ஒன்றும் ஏறவில்லை. லேசா என்றால் எவ்வளவு லேசு? பாப்பாவையே கூப்பிட்டுக் கேட்கலாம். அவளுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தால்? என்ன தாய் நான், பெற்ற பிள்ளையைப் போய் —

பாதியிலேயே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். பஸ்ஸில்தான் எழுதுகிறேன்.

ஏப்ரல் 25

நேற்று நான் கதவைத் திறந்தபோது பாப்பா சோபாவில் கால் நீட்டிக் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றி லேசாகத்தான் சுட்டது. மேசையில் மருந்துப் பாட்டில், பக்கத்தில் கழுவி வைத்த ஸ்பூன். இவர் சொன்னது ஒரு எழுத்துப் பிசகாமல் உண்மை.

என் கையிலிருந்த பையையே பார்த்துக்கொண்டு நின்றார். "நெஜமாத்தானே சொன்னேன்?"

"ஆமாங்க," என்றேன். என்றுவிட்டு, இன்னொரு தடவை அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.